கேஸ் ஷீட்டில் இல்லாத கட்டம்

பெயர், வயது, படிப்பு, தொழில், மாத வருமானம். எந்தப் பொருள், எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது. வலிப்பு வந்ததுண்டா, மஞ்சள் காமாலை உண்டா, போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது பழக்கம் உண்டா. போதை மறுவாழ்வு மையத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போன எந்தத் தாய்க்கும் இந்தக் கேள்விகள் மனப்பாடம். அரை மணி நேரத்தில் படிவம் நிறைந்துவிடும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கவுன்சலர் பேனாவை மூடுவார்.

அம்மா எழுந்திருக்க மாட்டார். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகனை வார்டுக்குக் கூட்டிப்போன பிறகுதான் வாய் திறக்கும். “மேடம், இன்னொண்ணு சொல்லணும். இவனுக்கு ஒருத்தன் 18,000 ரூபா பாக்கின்னு சொல்லிட்டு வீட்டுக்கே வர்றான். பொண்ணு காலேஜ் போற நேரம் அவனுக்குத் தெரியுது.” கவுன்சலர் மூடிய பேனாவை மறுபடி திறந்தால், அடுத்த வார்த்தை: “ஐயோ, இதை எழுதிடாதீங்க.”

இது ஏதோ ஒரு வீட்டின் கதை என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் வரை, அந்தப் பக்கம் பாகூர் வரை, பல வீடுகளில் நடப்பதை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்கிறேன். அந்த அம்மா சொன்னது எழுதப்படுவதில்லை. எழுத இடமும் இல்லை. நான் பார்த்த எந்தச் சேர்க்கைப் படிவத்திலும் “வியாபாரியின் மிரட்டல்” என்று ஒரு கட்டம் கிடையாது.

உலகம் முழுக்கப் பல மொழிகளில் புழங்கும் ஒரு மதிப்பீட்டுப் படிவம் உண்டு. 1980இல் அமெரிக்காவில் தாமஸ் மெக்லெலன் குழுவினர் உருவாக்கிய அடிக்ஷன் செவெரிட்டி இண்டெக்ஸ். உடல்நலம், வேலை, குடி, பிற போதைப் பொருள், சட்டச் சிக்கல், குடும்ப உறவு, மனநலம் என்று ஏழு பகுதிகளாக ஒரு மனிதனின் வாழ்க்கையைத் துருவும் படிவம் அது. அந்த ஏழில் எதுவும் கடன் கேட்டு வாசலில் நிற்கிறவனுக்கு என்று ஒதுக்கப்பட்டதல்ல. நம் ஊர்ப் படிவங்களிலும் சட்டச் சிக்கல் என்றால் பையன் மேல் உள்ள வழக்குதான். பையன் மேல் இன்னொருவன் செய்யும் குற்றத்துக்கு இடமில்லை.

இந்த மிரட்டல் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் பொட்டலம் பெரும்பாலும் ஓசியில் வருகிறது. பிறகு பாதிப் பணம், பிறகு “அப்புறம் குடு மச்சான்”. கஞ்சாவில் தொடங்கிய பையன் சில மாதங்களில் வலி மாத்திரைக்குப் போனால் செலவு ஏறும், பாக்கியும் ஏறும். நோட்டில் எழுதாத பாக்கி என்பதால் தொகையைச் சொல்லும் உரிமை கொடுத்தவனுக்கு மட்டும்தான். கட்ட முடியாதபோது ஒரு வழி சொல்லப்படுகிறது: “இந்தப் பையை அங்க குடுத்துட்டு வா, கழிச்சிடலாம்.” அன்றோடு அவன் வாங்குகிறவன் மட்டும் இல்லை, கொண்டுபோகிறவனும் ஆகிவிட்டான். வழியில் போலீஸ் அந்தப் பையைப் பிடித்தால், பிடிபட்ட சரக்கின் விலையும் இவன் கணக்கில் ஏறும். “கேஸ்ல உன்னையும் கோத்து விட்டுடுவேன்” என்ற ஒரு வாக்கியம் போதும், அந்தப் பையன் ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டான்.

பையன் மையத்தில் சேர்ந்ததும் வியாபாரிக்கு இரண்டு பயம். பணம் போய்விடும், பையன் பேசிவிடுவான். ஆகவே மிரட்டல் குறைவதற்குப் பதிலாக அந்த ஒரு மாதத்தில்தான் கூடுகிறது. உள்ளே இருக்கிறவனைத் தொட முடியாது என்பதால் அது வீட்டுப் பக்கம் திரும்புகிறது. இரவில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வரும். கேட்டு முடிப்பதற்குள் அழிக்கப்பட்டிருக்கும். வாசலில் பைக் நின்று ஹாரன் அடிக்கும். தங்கையின் இன்ஸ்டாகிராமுக்கு அறிமுகமில்லாத ஒரு கணக்கிலிருந்து செய்தி வரும்.

அம்மா என்ன செய்வார்? தோட்டை அடகு வைப்பார். மகளிர் சுய உதவிக் குழுவில் மாடு வாங்குவதாகச் சொல்லிக் கடன் எடுப்பார். முதல் தவணையைக் கொடுத்ததும் அந்த வீடு “கொடுக்கிற வீடு” என்று பெயர் வாங்கிவிடும். புதுச்சேரிக்காரர்களுக்கு மாமூல் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும் கட்டிவந்த அதே மாமூலை இப்போது ஒரு தாய் கட்டுகிறார். கடைக்காரருக்குச் சங்கம் இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பக்கத்து வீட்டிலும் சொல்ல முடியாது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த பையன் இரண்டே வாரத்தில் மறுபடி விழுந்தால் கேஸ் ஷீட்டில் ஒரு சொல் ஏறும்: ரிலாப்ஸ். காரணம் என்ற இடத்தில் “நண்பர்கள் வற்புறுத்தல்”, “மன உறுதி இல்லை” என்று எழுதுவார்கள். கழுத்தில் கை வைத்து இழுத்துப் போனவனை நண்பன் என்று எழுதுவதுதான் நம் பதிவேடுகளின் பெரிய பிழை என்று நினைக்கிறேன். அவன் போதைக்காகப் போகவில்லை. தங்கையை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சப் போனான். போன இடத்தில் பொட்டலம் கையில் வைக்கப்பட்டது. ஆசையில் விழுவதற்கும் மிரட்டலில் விழுவதற்கும் மருந்து வேறு வேறு. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதி, ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சொல் ஒன்று எப்படி ஒரு விஷயத்தையே மறைத்துவிடும் என்பதற்கு இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2025 பிப்ரவரி 14 அன்று இரவு, மயிலாடுதுறை மாவட்டம் முட்டம் கிராமத்தில் இரண்டு இளைஞர்கள் குத்திக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் பொறியியல் கல்லூரி மாணவர். சாராய விற்பனையைத் தட்டிக்கேட்டதால்தான் கொன்றார்கள் என்று உறவினர்களும் ஊர்க்காரர்களும் சொன்னார்கள். முன்விரோதம் என்றது காவல்துறை. எது சரி என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. என் கவலை அந்தச் சொல்லைப் பற்றியது. “முன்விரோதம்” என்று எழுதியதும் சாராயம், விற்பனை, மிரட்டல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு அடியில் போய்விடுகின்றன. இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான சண்டை மட்டும் மேலே மிதக்கிறது. அதற்கு முன்னால் யார் யாரை எத்தனை முறை மிரட்டினார்கள் என்று எங்காவது தேதி போட்டு எழுதப்பட்டிருந்தால், அந்தச் சொல்லை இவ்வளவு சுலபமாக எழுதியிருக்க முடியாது.

முன்கூட்டியே எழுதிவைக்கக்கூடிய இடம் எது? காவல் நிலையம் என்று சொல்வோம். ஆனால் பயந்த தாய் முதலில் போகிற இடம் அது இல்லை. பிள்ளையின் உயிரைக் காப்பாற்ற ஜிப்மருக்கோ, மறுவாழ்வு மையத்துக்கோதான் போகிறார். மிரட்டலை முதலில் கேட்கும் காது கவுன்சலருடையது. அந்தக் காதுக்கும் காகிதத்துக்கும் நடுவில்தான் எல்லாம் தொலைந்துபோகிறது.

2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகம், எய்ம்ஸின் தேசியப் போதை சிகிச்சை மையத்தைக் கொண்டு நடத்திய ஆய்வு அறிக்கை வந்தது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், சுமார் 3.1 கோடிப் பேர் கஞ்சா, பாங்கு வகைகளைப் பயன்படுத்துகிறார்கள் என்றது அறிக்கை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். சட்டவிரோதப் போதைப் பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார். இவ்வளவு குறைவுக்குக் காரணமாக வெட்கம், பணம், தூரம், மையங்கள் போதாமை என்று அடுக்குவோம். எத்தனை பேர் மிரட்டலுக்குப் பயந்து வரவில்லை என்ற கணக்கு யாரிடமும் இல்லை. கேட்டிருந்தால் அல்லவா இருக்கும்!

எண்களுக்கு வந்த பிறகு தொலைபேசி எண்களையும் பார்த்துவிடலாம். 14446 என்பது போதையிலிருந்து மீள ஆலோசனை தரும் தேசிய உதவி எண். 1933 என்பது 2024 ஜூலையில் தொடங்கிய ‘மானஸ்’. போதைப் பொருள் விற்பனை பற்றித் துப்புக் கொடுக்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று நோய்க்கு, இன்னொன்று வியாபாரிக்கு. மிரட்டப்படும் தாயின் பிரச்னை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பையனின் நோயைச் சொல்ல ஒரு எண், விற்பவனைச் சொல்ல ஒரு எண். “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்ல எந்த எண்?

அயர்லாந்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அங்கே போதைக் கடனுக்காகக் குடும்பங்களை மிரட்டுவது பெரும் தொல்லையாக வளர்ந்தபோது, அதை முதலில் வெளியே கொண்டுவந்தவர்கள் போதைக்கு ஆட்பட்டவர்களின் குடும்பங்களே சேர்ந்து நடத்திய ஆதரவுக் குழுக்கள். மிரட்டல் கடன் வாங்கியவனோடு நிற்காமல் தாய், உடன்பிறந்தவர்கள் என்று பரவுவதை அவர்கள்தான் பேசிப் பேசிப் பதிவாக்கினார்கள். அதன் பலனாக அந்தக் குடும்ப அமைப்பும் காவல்துறையும் சேர்ந்து ஒரு புகார் ஏற்பாட்டைச் செய்தன. ஒவ்வொரு காவல் பிரிவிலும் இதற்கென்று ஓர் இன்ஸ்பெக்டர் குறிப்பிடப்பட்டிருக்கிறார். அவரிடம் போய், முறையான புகார் கொடுக்காமலே பேசலாம். எவ்வளவு ஆபத்து, பணம் கொடுக்கலாமா கூடாதா, எச்சரிக்கையாக என்ன செய்யலாம் என்று கேட்கலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பம் பிறகு முடிவு செய்யும். சிகிச்சை மையங்களின் ஊழியர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று அந்த நாட்டின் அனுபவம் சொல்கிறது. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டு, வந்த பதிலைக் குறித்துவைக்கிறவர்கள் அவர்கள்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் உட்காரவைப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிப்பவரோடு அவர் மனைவியையும் பெற்றோரையும் சேர்த்தே கவனிக்கும் முறையை இங்கே வேரூன்றச் செய்தது. அந்த அம்மா உட்காரும் நாற்காலி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அவரிடம் கேட்கும் கேள்விதான் ஒன்று குறைகிறது.

இனி மூலக்குளத்துக்கு வருகிறேன். இந்திரா காந்தி சிலையிலிருந்து ரெட்டியார்பாளையம் தாண்டி வில்லியனூர் போகும் விழுப்புரம் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அந்தச் சாலையில் நேராகப் போங்கள். அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பாகூர் பக்கம் இன்னும் மோசம். முள்ளோடையில் சாலையின் ஒரு முனை புதுச்சேரி, மறுமுனை கடலூர் மாவட்டம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இந்தத் துண்டு நிலம் விற்கிறவனுக்கு வசதி, புகார் கொடுக்கிறவருக்குத் தொல்லை. மிரட்டியவன் கண்டமங்கலத்தில் நின்று போன் செய்தான், பணம் கைமாறியது வில்லியனூரில், தாய் இருப்பது மூலக்குளத்தில் என்றால், “இது எங்க லிமிட் இல்லம்மா” என்ற பதிலைக் கேட்காதவர் இந்தப் பக்கம் அபூர்வம்.

அந்தப் பதிலைச் சொல்ல இப்போது சட்டம் இடம் தரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம் என்கிறது. மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம், 3 நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். ஊருக்கு ஊர் எல்லை மாறும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. மையத்தின் சுவரில் இந்த ஒரு பிரிவை எழுதி ஒட்டினாலே பல தாய்மாருக்குப் பாதி தைரியம் வரும்.

மிரட்டலின் வார்த்தையையும் சட்டம் எடைபோடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை தண்டனை. கொன்றுவிடுவேன், கையைக் காலை எடுத்துவிடுவேன் என்ற வகை மிரட்டலுக்கு 7 ஆண்டு வரை. பயமுறுத்திப் பணம் பறித்தால் 308ஆம் பிரிவு. ஆகவே கவுன்சலர் “மிரட்டல் உள்ளது” என்று இரண்டு சொல்லில் எழுதினால் அதனால் பயன் இல்லை. “பாத்துக்கிறேன்” என்றானா, “பொண்ண பாத்துக்கோ” என்றானா, “வெட்டிப் போட்டுடுவேன்” என்றானா? சொன்ன சொல்லைச் சொன்னபடியே, சொன்ன தேதியோடு எழுத வேண்டும். எவ்வளவு கேட்டான், எவ்வளவு கொடுக்கப்பட்டது, கையில் கொடுத்ததா, ஜிபேயில் போனதா? இந்தக் கடனுக்கு ரசீது கிடையாது. ஜிபேயில் போன 500, 1,000 ரூபாய்களின் வரிசைதான் அந்த வீட்டிடம் இருக்கும் ஒரே ரசீது. அது போன் மாற்றும்போது தொலைவதற்கு முன் யாராவது ஒருவர் குறித்துவைக்க வேண்டும்.

கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். “உங்களை யாராவது மிரட்டுறாங்களா?” என்று நேராகக் கேட்டால் “அப்படியெல்லாம் இல்லீங்க” என்று பதில் வரும். யாருக்காவது பாக்கி இருக்கிறதா, வீட்டைத் தேடி யாராவது வந்தார்களா, சமீபத்தில் போன் நம்பரை மாற்றினீர்களா, நகை ஏதாவது அடகுக்குப் போயிருக்கிறதா, பிள்ளையைச் சேர்த்தது யாருக்கெல்லாம் தெரியும்? இப்படிப் போனால் விஷயம் தானாக வந்து விழும். மகனையும் தாயையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதல் நாள் சொல்லாதவர் பத்தாம் நாள் சொல்வார். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் கட்டாயம் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லும்போது, “எழுதிடாதீங்க” என்ற அந்த அம்மாவின் பயம் நியாயமானது என்பதை மறக்க முடியவில்லை. எழுதிய காகிதம் கைமாறும். வில்லியனூர்க் கொம்யூனில் ஒரு ஊர்ப் பெயரும் 19 வயதும் கஞ்சாவும் சேர்ந்து ஒரு வரியில் வந்தால் அது யார் என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். பையன் பையைக் கொண்டுபோனதும் சேர்ந்தே எழுதப்பட்டால், நாளைக்கு அதே காகிதம் அவனுக்கு எதிராகத் திரும்புமோ என்ற பயமும் உண்டு. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு, பயன்படுத்திய குற்றத்திலிருந்தும் சிறு அளவு தொடர்பான வழக்கிலிருந்தும் விலக்கு தருகிறது. கஞ்சாவில் சிறு அளவு என்பது 1 கிலோ வரை. அதற்கு மேல் எடை உள்ள பையைக் கொண்டுபோனவனுக்கு அந்தக் கதவு திறக்காது. மிரட்டிக் கொண்டுபோக வைத்தார்கள் என்பதற்குத் தேதியோடு ஒரு பதிவு இருந்தால், அவன் வக்கீல் பேசுவதற்கு ஒன்றாவது இருக்கும்.

அதனால் பதிவு இரண்டாகப் பிரிய வேண்டும் என்பது என் எண்ணம். கேஸ் ஷீட்டில் ஒரு குறி மட்டும் போதும். அதைப் பார்க்கும் மருத்துவருக்கு, இந்தப் பையனைத் தனியாக வெளியே அனுப்பக் கூடாது, பார்வையாளரைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் சரி. விவரம் வேறு தாளில், பெயருக்குப் பதில் எண் போட்டு, பூட்டிய அலமாரியில். சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்து, 23ஆம் பிரிவில் ரகசியம் காக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. அதே பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து என்றால் தேவையான அளவுக்கு மட்டும் சொல்ல அனுமதிக்கிறது. எதை எப்போது யாரிடம் சொல்வது என்பதை அந்த அம்மாவிடம் முதல் நாளே விளக்கிவிட்டால், எழுத விடாமல் தடுக்கும் கை கொஞ்சம் தளரும்.

அரசுக்குப் போக வேண்டியது பெயர் இல்லாத எண்ணிக்கை. ஜிப்மர், அரசு மருத்துவமனைகள், தனியார் மையங்கள் எல்லாம் மாதம் ஒரு முறை, சேர்ந்தவர்களில் எத்தனை குடும்பம் மிரட்டலில் இருக்கிறது என்று கொம்யூன் அளவில் சொன்னால் போதும். அந்த எண்ணிக்கை இல்லாததால், எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் நாம் பேசுகிறோம். 2024 மார்ச் முதல் வாரத்தில் முத்தியால்பேட்டையில் 9 வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது புதுச்சேரியே கொதித்தது. மார்ச் 8 அன்று முழு அடைப்பு நடந்தது. கஞ்சா புழங்குவதைப் பற்றி அன்று தெருத்தெருவாக எல்லோரும் பேசினார்கள். அதற்கு முந்தைய நாள்வரை அதே தெருக்களில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் இல்லை, சொன்னால் யார் காப்பாற்றுவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல்.

சாட்சிகளைக் காப்பாற்ற ஏற்பாடு காகிதத்தில் இருக்கிறது. மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 5 அன்று சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டம் போலவே ஏற்றது. மாநிலங்கள் இப்படி ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவும் சொல்கிறது. அந்தத் திட்டத்தில் பாதுகாப்புக் கிடைப்பதற்கு அடிப்படை, ஆபத்து எவ்வளவு என்று காவல்துறை தரும் அறிக்கை. அந்த அறிக்கைக்கு ஆதாரம் வேண்டும். மூன்று மாதம் முன்பே ஒரு கவுன்சலர் தேதி போட்டு எழுதிய தாளை விட நல்ல ஆதாரம் எது?

கவுன்சலரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்களில் பலர் இளம் பெண்கள், குறைந்த சம்பளம், ஒப்பந்த வேலை. பணி முடிந்து டவுன் பஸ்ஸுக்கு நிற்கும் நிறுத்தத்தில்தான் அந்தப் பையனின் “நண்பனும்” நிற்கிறான். அவர் எழுதும் தாளில் அவர் பெயர் இருக்கக் கூடாது. மையத்தின் பெயரும் முத்திரையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் எழுத மாட்டார். எழுதாததற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எல்லா மையங்களின் வாசலிலும் ஒரு நோட்டு இருக்கும். நீளமான, அட்டை கிழிந்த, நூலில் பேனா கட்டிய பார்வையாளர் பதிவேடு. தேதி, நேரம், பார்க்க வந்தவர், நோயாளி பெயர், உறவுமுறை, கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினால் அம்மா, அம்மா, அக்கா, மனைவி, அப்பா என்று போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஒரு வரி: பிஸ்கட்டும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்த ஒருவர், கையெழுத்து கிறுக்கல், உறவுமுறை “நண்பன்”. அவர் பார்த்துவிட்டுப் போன அன்று இரவு அந்தப் பையன் சாப்பிட்டானா, தூங்கினானா, வீட்டுக்கு போன் கேட்டு அழுதானா என்று வார்டு நர்ஸிடம் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும். அந்த நோட்டில் உறவுமுறைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு விரல் அகலத்துக்கு இடம் காலியாகத்தான் இருக்கிறது.